ஏழு மணி நேர ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. கதையை எங்கிருந்து தொடங்குவது?

அல்லிக்கேணி ஒலி (கேள்வி)

வணக்கம். கைத்தொழில்களில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற சென்னைக்காரர்களை, ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்ற கணக்கில், அவர்கள் குரலிலேயே பேச வைக்கும் ஒரு பாட்காஸ்ட் தொடரைத் தொடங்கியிருக்கிறேன். முதல் பகுதியே இன்னும் வெளிவரவில்லை. அதில்தான் சிக்கி நிற்கிறேன்.

அந்தப் பகுதிக்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவருக்கு வயது 81. கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளைக் கேஸ் எனப்படும், சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடது கையில் பிடித்த ஸ்டிக்கில் அடுக்கி, வரி வரியாகப் பக்கம் கோத்து, அச்சடித்து முடிந்ததும் அதே எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போடுவது அவர் வேலை. நாற்பது ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறார். ஐந்து அமர்வுகளில் ஏழு மணி நேரம் என்னிடம் பேசினார். அவ்வளவையும் எழுத்தில் பெயர்த்து, வேண்டியதைப் பொறுக்கி, நடுநடுவே என் விவரிப்பையும் சேர்த்து ஒரு வரைவு தயார் செய்தேன். பிறப்பு, பள்ளிப்படிப்பு நின்றது, பதினான்கு வயதில் அச்சகத்தில் சேர்ந்தது, திருமணம், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், கணினி வந்தது, அச்சகம் மூடப்பட்டது என்று காலவரிசையில் அடுக்கியிருந்தேன்.

அதை என் தம்பியிடம் போட்டுக் காட்டினேன். நான்காவது நிமிடத்தில் அவன் கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. அவன் பொறுமை இல்லாதவன் அல்லன். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் எதையாவது கேட்டுக்கொண்டு போகிறவன். ஆகவே குறை வரைவில்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் விவரிப்பிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தருகிறேன்: “1978ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழக அரசு பிறப்பித்த ஆணையின் விளைவாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியதைத் தொடர்ந்து, அதுவரை பழைய வடிவங்களைக் கோத்துப் பழகியிருந்த அச்சுத் தொழிலாளர்கள் பெரும் மாற்றத்தைச் சந்திக்க நேர்ந்தது.” இதற்கு அடுத்துப் பெரியவர் குரல் வருகிறது: “ஏழு ரூம காலி பண்ணிட்டாரு மொதலாளி. எழுத்தயெல்லாம் ஒரு டப்பாவுல கொட்டி உருக்க அனுப்பிட்டாரு. ஆனா கை போவும்மா. ‘னை’ வந்தா கை தானா அங்க போவும். காலி மரத்துல நகம் இடிக்கும். ஆறு மாசம் இடிச்சுச்சு.” இது வரைவில் பத்தொன்பதாம் நிமிடத்தில் இருக்கிறது.

எதை முன்னால் வைப்பது, நான் எங்கே பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதுதான் என் முதன்மையான கேள்வி. என் பங்கை எழுத்துத் தமிழில் சொன்னால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. பேச்சுத் தமிழில் சொன்னால் பெரியவரின் பேச்சோடு கலந்து யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் போகிறது. இன்னொன்றும் உண்டு. பல் விழுந்துவிட்டதால் பெரியவரின் பேச்சு சில இடங்களில் குழைகிறது. நல்ல குரல் உள்ள ஒருவரைக் கொண்டு அவர் சொன்னதைத் திரும்பப் படிக்க வைக்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

கடற்கரைச் சாலை

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வானொலியில் நாடகமும் உரைச்சித்திரமும் தயாரித்தே என் பணிக்காலம் கழிந்தது. ஆகவே அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அச்சில் வந்தால் யாரும் தடுமாறாமல் படித்துவிடுவார்கள். காதுக்குத்தான் அது ஆகாது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயரை விளக்கும் எச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வருகின்றன. உங்கள் வாக்கியத்தில் யாருக்கு என்ன நடந்தது என்பது “அச்சுத் தொழிலாளர்கள்” என்ற சொல் வந்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை ஆண்டு, மாதம், அரசு, ஆணை, எண்ணிக்கை, வடிவம் என்று ஒவ்வொன்றையும் கேட்பவர் கையில் ஏந்திக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணால் படிப்பவர் ஒரு நொடி பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். காதுக்குப் பின்னால் போக வழியில்லை. தம்பி கைப்பேசியை எடுத்த நான்காம் நிமிடத்தில் இப்படிப்பட்ட வாக்கியம் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதே காரணத்தால் ‘என்று’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். “இனிமேல் இந்த எழுத்து வேண்டாம், எடுத்துவிடு என்று முதலாளி சொன்னார்” என்று நீங்கள் வாசித்தால், ‘முதலாளி’ வரும்வரை அது உங்கள் பேச்சாகவே காதில் விழும். அச்சில் மேற்கோள் குறி காப்பாற்றுகிறது. ஒலியில் அப்படி ஒரு குறி கிடையாது. “முதலாளி கூப்பிட்டார். இனிமேல் இந்த எழுத்து வேண்டாம் என்றார்.” இப்படிப் பேசுபவரை முதலில் நிறுத்திவிட்டுப் பேச்சைப் பிறகு கொடுங்கள். நாடகப் பிரதிகளைத் திருத்தும்போது நான் அதிகம் மாற்றியது இதைத்தான்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற கேள்விக்கு என் பதில் சிலருக்கு ஏற்காமல் போகலாம். செய்தி வாசிப்பது போல ஒலிப்பதற்கு எழுத்துத் தமிழ் காரணம் இல்லை; வினை வருவதற்குள் வாக்கியம் போகும் தூரம்தான் காரணம். “அவர் காலையில் வந்தார். கேஸ் முன்னால் நின்றார். கை போனது. அறை காலி.” இது முழுக்க எழுத்துத் தமிழ்தான். யாருக்கும் செய்தி அறிக்கையாகத் தோன்றாது. பெரியவர் சென்னைப் பேச்சில் பேசும்போது நீங்கள் ‘வந்தார், நின்றார்’ என்று பேசினால் இரண்டு குரல்களும் தனித்தனியாகக் கேட்கும். அது உங்களுக்கு நன்மையே. ஆனால் ஒரு மூச்சுக்கு ஒரு வினை என்ற அளவைத் தாண்டாதீர்கள். எழுதியதை உட்கார்ந்து மனத்துக்குள் படிக்காமல் நின்றுகொண்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடம் எல்லாம் வெட்ட வேண்டிய இடம்.

பிபிசியில் 1920களின் பிற்பகுதியில் உரைகள் பிரிவுக்குத் தலைமை வகித்த ஹில்டா மேத்திசன் இந்தச் சிக்கலை மிக முன்பே கண்டார். மேடைப் பேச்சையும் கட்டுரையையும் ஒலிவாங்கி முன்னால் அப்படியே வாசித்தால் எடுபடாது, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவது போலவே எழுத வேண்டும் என்பதற்காகப் பெரிய பெரிய அறிஞர்களையும் ஒத்திகைக்கு உட்கார வைத்தார். நம் ஊரில் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி நடத்தத் தொடங்கியபோது பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டமாகக் கேட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. பொது இடத்தில் ஒலித்த குரலுக்கு மேடைத்தன்மை வந்ததில் வியப்பில்லை. அந்தத் தன்மை நம் விவரிப்பாளர்களின் குரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் பேசப்போவதோ ரயிலில் காதில் கருவியை மாட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஆளிடம்.

நீங்கள் எங்கே பேச வேண்டும் என்பதற்கு வில்லுப்பாட்டைப் பாருங்கள். நெல்லை, குமரிப் பக்கம் விடிய விடியக் கதை சொல்கிறார்கள், கூட்டம் கலைவதில்லை. புலவர் கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் குடம் அடிப்பவரோ தாளம் போடுபவரோ “ஆமா” என்கிறார். வெறுமனே ஆமா போடுவதோடு அவர் நிறுத்துவதில்லை. கூட்டத்தில் இருப்பவனுக்கு ஒரு கேள்வி எழும் சமயத்தில் அவனுக்காக அதை இவர் கேட்கிறார்: “அப்படியா? அப்புறம் அந்தத் தாய் என்ன செஞ்சா?” புலவர் அதற்குப் பதிலாக அடுத்த கட்டத்தைத் தொடங்குகிறார். உங்கள் தொடரில் புலவர் அந்தப் பெரியவர். பக்கத்தில் இருந்து ஆமா போட்டுக் கேள்வி கேட்கும் இடம் உங்களுடையது. இப்போதைய வரைவில் நீங்களே புலவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சொன்னதற்குச் சான்றாக மட்டும் அவரைப் பேச வைத்திருக்கிறீர்கள். எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்ன வாக்கியமும் அதைத் தொடர்ந்து அவர் சொன்னதும் ஒரே செய்திதான். இரண்டில் ஒன்று போக வேண்டும். எது போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்தொன்பதாம் நிமிடத்தில் இருப்பதை முதல் நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வெட்டும் ஒட்டும்

ஐயா சொன்னவற்றில் கடைசி வரி ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் ஏற்கிறேன். நான் பாட்காஸ்ட் தொகுப்பாளராக வேலை செய்கிறேன்.

பத்தொன்பதாம் நிமிடத்தில் இருக்கும் அந்தப் பேச்சை முழுதாக முன்னால் வைத்தால், இருபத்தைந்து நிமிடத்தில் இருக்கும் மிகச் சிறந்த பொருள் முதல் நாற்பது நொடியில் செலவாகிவிடும். அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, கை போகிறது, நகம் மரத்தில் இடிக்கிறது. இன்னொன்று, ஏன் காலியானது என்ற காரணம். முதல் பகுதியை மட்டும் தொடக்கத்தில் வையுங்கள். “கை தானா அங்க போவும். காலி மரத்துல நகம் இடிக்கும். ஆறு மாசம் இடிச்சுச்சு.” இதைக் கேட்பவருக்கு எந்தக் கை, என்ன மரம், ஏன் காலி என்று ஒரே நேரத்தில் மூன்று கேள்விகள் பிறக்கும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்பதால்தான் அவர் அச்சகத்துக்குள் உங்கள் கூடவே வருவார். கேஸ் என்றால் என்ன, ஒவ்வொரு எழுத்துக்கும் எப்படி ஓர் அறை, கண்ணால் பார்க்காமலேயே கை எப்படி எடுக்கும் என்பதையெல்லாம் ஆவலோடு கேட்பார். இதே விவரங்கள் இப்போதும் உங்கள் வரைவில் இருக்கின்றன. கேள்வி பிறப்பதற்கு முன்னால் பதில் வந்துவிட்டதால் அவை பாடம் போலத் தோன்றுகின்றன.

அமெரிக்காவில் சிகாகோ வானொலி நிலையம் ஒன்றிலிருந்து 1995இல் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிய ஐரா கிளாஸ், ஒலிக் கதைக்கு இரண்டே அங்கங்கள்தான் என்று பல இடங்களில் விளக்கியிருக்கிறார். இது நடந்தது, அதனால் அது நடந்தது, பிறகு இன்னொன்று நடந்தது என்று நகரும் நிகழ்வுத் தொடர் ஓர் அங்கம். இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன், இதில் என்ன புதிதாகத் தெரிகிறது என்று சற்று நின்று யோசிக்கும் இடம் இன்னொன்று. நிகழ்வுகள் மட்டும் இருந்தால் எங்கே போகிறோம் என்று தெரியாமல் கேட்பவர் களைத்துப்போவார். யோசனை மட்டும் இருந்தால் அது உரையாகிவிடும். ஐயா சொன்ன வில்லுப்பாட்டுக் கேள்விக்காரரின் வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே நிகழ்ச்சியில் பணியாற்றி, பின்னாளில் சொந்தமாகப் பாட்காஸ்ட் நிறுவனம் தொடங்கிய அலெக்ஸ் ப்ளூம்பெர்க் சொல்லித் தந்த வழி அது. ‘நான் சொல்லும் கதை இன்னதைப் பற்றியது; அதில் சுவையானது இன்னது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். உங்களுடையதைச் சொல்லிப் பார்த்தேன்: “இது ஒரு கம்பாசிட்டரின் கதை, அதில் சுவையானது, அவர் நாற்பது ஆண்டுகள் உழைத்தார் என்பது.” நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இது ஒரு கம்பாசிட்டரின் கதை, அதில் சுவையானது, ஓர் ஆணை மாற்றிய எழுத்தை அவர் மனம் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது, கை ஏற்கவில்லை.” இந்த இரண்டாம் வாக்கியம் உங்கள் கையில் இருந்தால் திருமணத்தை எடுக்கலாமா வைக்கலாமா என்பதற்கு விடை தானாகக் கிடைக்கும். கைப் பழக்கத்தோடு தொடர்பு இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகான பேச்சாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நல்ல பகுதியை வெட்டும்போது வலிக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது.

காலவரிசையையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் கேள்வியைப் போட்டுவிட்டு, பிறகு பதினான்கு வயதிலிருந்து நேராகப் போனாலும் போதும். கதையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டால்தான் கலை என்று சிலர் நினைக்கிறார்கள். காதுக்கு நேர்வழிதான் நிம்மதி.

நீங்கள் உங்களை எந்த அளவுக்கு உள்ளே விடலாம் என்பதற்கு 2014இல் வந்த ‘சீரியல்’ என்ற பாட்காஸ்ட் ஒரு நல்ல உதாரணம். 1999இல் பால்டிமோர் பகுதியில் நடந்த ஒரு கொலை வழக்கைச் சேரா கீனிக் 12 பகுதிகளாகச் சொன்னார். தனக்கு எது தெரியவில்லை, நேற்று நம்பியதை இன்று ஏன் நம்ப முடியவில்லை என்பதைக் குரலில் மறைக்காமல் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர்கள் அவரோடு சேர்ந்து தேடினார்கள். உங்களுக்கு அந்த அச்சகத்தைப் பற்றி எது வியப்பாக இருந்தது, எதை முதலில் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது கதைக்கு உதவுமானால் சொல்லுங்கள். உங்கள் தொடரின் நோக்கம், உழைப்பின் பெருமை முதலியவற்றைச் சொல்ல வேண்டாம்.

பெரியவரின் பேச்சை வேறு குரலில் படிக்க வைக்காதீர்கள். பிபிசியில் 1958இல் சார்ல்ஸ் பார்க்கர், யூவன் மெக்கால், பெக்கி சீகர் மூவரும் முந்தைய ஆண்டு விபத்தில் இறந்துபோன ஜான் ஆக்சன் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். தொழிலாளர்கள் சொன்னதை எழுதி எடுத்து, நடிகர்களைக் கொண்டு பேச வைப்பதுதான் அந்தக் காலத்தில் வழக்கம். இவர்கள் பதிவுகளைக் கேட்டுவிட்டு, அந்தப் பேச்சுக்கு ஈடாக எந்த நடிகரும் பேச முடியாது என்று முடிவு செய்து, ரயில்வேக்காரர்களின் குரலையே பாட்டுகளுக்கு நடுவில் வைத்தார்கள். விவரிப்பாளரே இல்லாமல் கதை போனது. குழைந்த சொல் வரும் இடத்தில் அதற்கு முன்னால் உங்கள் வரியில் அந்தச் சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காது தயாராகிவிட்டால் குழைந்ததும் புரியும். ‘உருக்க அனுப்பிட்டாரு’ என்பது தெளிவில்லை என்றால், “அந்த ஈயம் உருக்கப் போனது” என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. மாறியது எழுத்தின் வடிவம். ‘னை’ என்று அவர் சொல்லும்போது பழையதும் புதியதும் காதுக்கு ஒன்றுதான். 1978க்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களில் பலர் பழைய ‘னை’யைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அந்த வடிவத்தைக் கேட்பவர் மனத்தில் யார் வரையப்போகிறார்கள்? நீங்கள் வரைந்தால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். திரும்பப் போய் அவரிடமே கேளுங்கள்.

மேசை விசிறி

ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் சில வார்த்தைகள். திரும்பப் போகும்போது எழுத்துகளின் ஓசையையும் பிடித்து வாருங்கள். ஸ்டிக்கில் ஈயம் உட்காரும் ‘டிக்’, கேஸ் இழுபடும் ஓசை, பிரித்துப் போடும்போது அறைக்குள் எழுத்து விழும் ஓசை ஆகியவை வேண்டும். அந்த மூன்றாவது ஓசை உங்களுக்கு மிகவும் தேவை. எழுத்துகள் இருக்கும் அறையில் ஈயத்தின் மேல் ஈயம் விழும், காலி அறையில் மரத்தின் மேல் விழும். இரண்டும் வேறு வேறு ஓசைகள். அந்த வேறுபாட்டைக் கதையின் முன்பாதியில் ஒருமுறை காட்டிவிட்டால், பிறகு காலி அறையைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. ட்ரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தின் ஓசையைப் பின்னணி இசை போல எல்லா இடத்திலும் ஓட விடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்.

கடைசியில் யாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அதே அறையில் அதே இடத்தில் ஒலிவாங்கியை வைத்து ஒரு முழு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் இதைப் போட்டால்தான் ஒட்டு தெரியாது. சுத்தமான மௌனத்தை வைத்தால் அறை திடீரென்று செத்துப்போனது போல இருக்கும். மின்விசிறியை நிறுத்த முடியுமானால் நிறுத்துங்கள். பெரியவருக்கு வேர்க்கும் என்றால் வேண்டாம். காலை ஆறு மணிக்குப் போங்கள், தெருவும் அடங்கியிருக்கும். பாங்கு ஓசையோ கோயில் மணியோ பின்னால் கேட்கும்போது அவர் முக்கியமானதைச் சொல்லிவிட்டால், அந்தப் பகுதியை நடுவில் வெட்ட முடியாது. பாங்கு பாதியில் அறுபட்டால் வெட்டியது அம்பலமாகிவிடும். ஓசை முடியும்வரை காத்திருந்து, “முன்னால் சொன்னீர்களே, அதை இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேளுங்கள். இரண்டாவது முறை சொல்லும்போது பெரும்பாலும் சுருக்கமாகவும் வரும். எல்லாம் முடிந்த பிறகு ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துங்கள். ரயிலில் கேட்கும் உங்கள் தம்பிக்கு அடிக்கடி ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது.

அல்லிக்கேணி ஒலி

கடற்கரைச் சாலை ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் போனேன். பெரியவர் குளித்துத் திருநீறு பூசி எனக்காகத் திண்ணையில் காத்திருந்தார்.

பழைய ‘னை’ எப்படி இருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போனார். பூஜை அலமாரியிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்து வந்தார். உருக்கப் போகும் முன் ஓர் எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டாராம். ஐந்து அமர்வுகளிலும் இதை அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவே இல்லை. மேசை மேல் வைத்தார். ஈயம் மரத்தைத் தொட்ட ஓசை ஒலிப்பதிவில் சுத்தமாக விழுந்திருக்கிறது. பிறகு சொன்னார்: “யானை தும்பிக்கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாப்புல இருக்கும்மா. எழுத்துல தல கீழா இருக்கும். கண்ணாடியில பாக்குற மாதிரி. எனக்கு நேரா இருந்தா உனக்குத் திருப்பி. உனக்கு நேரா வரணும்னா நான் திருப்பிதான் பாக்கணும்.”

தொடக்கத்தை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் ஈய எழுத்து மேசையில் படும் ஓசை. அடுத்துப் பெரியவர்: “கை தானா அங்க போவும். காலி மரத்துல நகம் இடிக்கும். ஆறு மாசம் இடிச்சுச்சு.” அதன் பிறகு என் குரல்: “இவர் கம்பாசிட்டர். எழுத்து எங்கே இருக்கிறது என்று இவர் கண் பார்க்காது. கைக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் கை போனது. எழுத்து அங்கே இல்லை. கையின் தவறு இல்லை அது. பல ஆண்டுகள் பழகிய கைக்கு ஓர் ஆணையைப் படிக்கத் தெரியாது. எழுத்து எங்கே போனது?” இங்கிருந்து பதினான்கு வயதுக்குப் போகிறேன். 1978 பதினேழாம் நிமிடத்தில் வருகிறது. துதிக்கை அதற்கு அடுத்து வருகிறது. திருமணத்தை எடுத்துவிட்டேன். தம்பி நேற்று இரவு அதை முழுவதுமாகக் கேட்டான். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, பின்னால் போய்த் திரும்பக் கேட்டான். கண்ணாடியில் பார்ப்பது போல என்று அவர் சொன்ன இடம்.

ஐயா, இந்தத் தொடக்கத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா?

கடற்கரைச் சாலை

அம்மா, நிறைவாக இருக்கிறது. ‘வெட்டும் ஒட்டும்’ என்பவர் சொன்னதே சரி. முழுதையும் முன்னால் வைக்கச் சொன்ன என் யோசனையைவிட இது நன்றாக நிற்கிறது. தம்பி திரும்பக் கேட்ட இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். புரியாததால் அவர் பின்னால் போகவில்லை என்பது நீங்கள் சொல்லும் விதத்திலேயே தெரிகிறது.

இரண்டு வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். “கையின் தவறு இல்லை அது. பல ஆண்டுகள் பழகிய கைக்கு ஓர் ஆணையைப் படிக்கத் தெரியாது.” அழகாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். கேட்பவர் பதினேழாம் நிமிடத்தில் தானாக வந்து சேர வேண்டிய இடத்துக்கு அவரை இப்போதே தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. ஆணை என்ற சொல்லும் முன்கூட்டியே வெளியே வந்துவிடுகிறது. “எழுத்து அங்கே இல்லை” என்பதோடு நிறுத்துங்கள். “எழுத்து எங்கே போனது?” என்ற கேள்வியும் வேண்டாம், அதை ரயிலில் இருப்பவர் கேட்டுக்கொள்வார். அந்த இடத்தில் நீங்கள் காலையில் பதிவு செய்த, யாரும் பேசாத வீட்டு அறையின் ஓசையை இரண்டு நொடி ஓடவிடுங்கள். பிறகு பதினான்கு வயதுப் பையன் அச்சகத்துக்குள் நுழையட்டும்.